மடவை தனியாக வாழ்வதில்லை

(வள்ளூரில் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கலந்துகொண்ட அறிவியல் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "மீனுக்கு என்னங்க டென்ஷன்? கரண்ட் பில்லா கட்டப்போவுது?" என்று கேட்டார். 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிற ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பில்லில் ஒரு பங்கை மீன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படிக் கட்டுகிறது என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வள்ளூர் என்றால் வெளியூர்க்காரருக்கு மின்நிலையம் ஞாபகம் வரும். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவருக்கு அணைக்கட்டு ஞாபகம் வரும். கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாமரைப்பாக்கம் அணைக்கட்டைத் தாண்டி, வள்ளூர் அணைக்கட்டையும் தாண்டித்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. மேலே நல்ல தண்ணீர். அங்கே கெண்டை, கெளுத்தி, விரால். கீழே போகப்போக உப்பு ஏறும். அங்கே மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு. மீன் பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே ஆற்றில் இரண்டு உலகம், நடுவில் நம் ஊர்.

இந்த மீன்களில் இன்று நான் எடுத்துக்கொண்டது மடவை. விஞ்ஞானிகள் மூகில் செபாலஸ் என்று சொல்கிற மீன். கடலில் முட்டையிடும். ஒரு அங்குலம் வளர்வதற்குள் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்துக்குள் ஏறிவரும். இங்கே கழிமுகத்துச் சேற்றை மேய்ந்து வளர்ந்து, பெரிதானதும் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். சேற்றை மேய்வது என்று சும்மா சொல்லவில்லை. அதன் சாப்பாடே சேற்றின் மேல் படிந்திருக்கிற பாசியும் மக்கிய குப்பையும்தான். மண்ணோடு சேர்த்து வாயில் வாங்கி, கோழியின் கல்லீரல் பக்கத்தில் இருக்குமே அரைவைப்பை, அதுபோல ஒன்று அதன் வயிற்றிலும் இருக்கிறது, அதில் அரைத்துத் தின்னும். ஆற்றின் அடியில் என்ன படிகிறதோ அது மடவைக்குள் போகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மடவை தனியாக வாழ்வதில்லை. குஞ்சிலிருந்து கிழடு வரைக்கும் கூட்டம்தான். வீச்சுவலை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் தண்ணீரில் தேடுவது மீனை அல்ல, கூட்டத்தை. நீரின் மேல் விழுகிற சுளிப்பையும் நிறத்தையும் வைத்துக் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து வலையை விரிக்கிறார்கள். விஞ்ஞானம் இந்தக் கணிப்பைக் கணக்காக எழுதியது மிகவும் பிந்தித்தான்.

கூட்டத்துக்குத் தலைவர் யார்? சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் முன்னால் போகிற மீன் என்பார்கள். நம் நாட்டிலேயே இதற்கு ஒரு அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷ குட்டல் குழுவினர் கரிமீன் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, மேலிருந்து படம்பிடித்து, ஒவ்வொரு மீனும் எந்தத் திசையில் போகிறது என்று கணினியில் பின்தொடர்ந்தார்கள். கேரளத்தில் வாழையிலையில் பொரிக்கிற அதே கரிமீன்தான், பழவேற்காட்டிலும் இருக்கிறது. 15, 30, 60 என்று மூன்று அளவில் கூட்டம் வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான அவர்கள் முடிவு படிக்கிறவரைச் சற்றுத் திகைக்க வைக்கும். ஒவ்வொரு மீனும் சுற்றியிருக்கிற எல்லாரையும் பார்த்துச் சராசரி எடுத்துத் திரும்புவதில்லை. அந்த நேரத்தில் யாரோ ஒரு மீன் போகிற திசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒரு மீனைப் பார்த்து. இந்தச் சில்லறைக் காப்பியடித்தலே கூட்டமாக ஒரே திசையில் போகப் போதுமாக இருக்கிறது. அதிலும் சின்னக் கூட்டம்தான் அதிக ஒழுங்கோடு போனது. எண்ணிக்கை கூடக்கூட ஒழுங்கு தளர்ந்தது.

ஆக, தலைவர் இல்லை, கட்டளை இல்லை. பக்கத்து மீனை நம்புவது மட்டுமே இருக்கிறது. அப்படியானால் பக்கத்து மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன ஆகும்? என் பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பெரியவர் கேட்ட டென்ஷனுக்கு வருகிறேன். மீனுக்குப் பயம், மூச்சுத்திணறல், சூடு, விஷம் எது வந்தாலும் நமக்கு வருவது போலவே இரண்டு அலை கிளம்புகிறது. முதல் அலை அட்ரினலின், நொடிகளில். இரண்டாவது கார்டிசால், சில நிமிடங்களில். நமக்கு இவை சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற தனிச் சுரப்பியிலிருந்து வருகின்றன. மீனுக்கு அந்தச் சுரப்பி தனியாக இல்லை. சிறுநீரகத்தின் முன்பகுதியில் கலந்து கிடக்கிற செல்களே அந்த வேலையைப் பார்க்கின்றன. இதில் மடவைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. மீன் உடம்பில் உப்பையும் நீரையும் சமன்படுத்துவதும் இதே கார்டிசால்தான். வடகிழக்குப் பருவமழையில் பூண்டியில் உபரிநீரைத் திறந்துவிட்டால், நம் அணைக்கட்டைத் தாண்டி நல்ல தண்ணீர் பாய்ந்து, கழிமுகத்தின் உப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மடவை அதைத் தாங்கும். அதற்கென்றே படைத்த உடம்பு. ஆனால் அந்தத் தாங்குதலுக்கு ஆகிற சரக்கும், விஷத்தையும் சூட்டையும் தாங்க ஆகிற சரக்கும் ஒரே கிடங்கிலிருந்துதான் வர வேண்டும்.

எண்ணூர் மடவையின் உடம்பை உள்ளே திறந்து பார்த்தவர்கள் நம் வடசென்னைக்காரர்களே. பிராட்வே பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் பத்மினியும் அவர் குழுவினரும் 2000-களின் பின்பகுதியில் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்து மடவை ஒரு பக்கம், தெற்கே கோவளம் கழிமுகத்து மடவை மறுபக்கம். இனம் ஒன்று, கடல் ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. எண்ணூர் மீனின் உடலில் உலோகங்கள் அதிகம் சேர்ந்திருந்தன. கல்லீரல் செல்களில் எச்.எஸ்.பி.70 என்கிற புரதம் அதிகமாக இருந்தது. முதன்முதலில் 1962-ல் பழ ஈயைச் சூடாக்கிப் பார்த்தபோது தடம் கிடைத்ததால் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உலோகம், ஆக்சிஜன் குறைவு, எந்தத் துன்பம் வந்தாலும் செல் இதை உண்டாக்கும். குலைந்துபோகிற மற்றப் புரதங்களைப் பிடித்து நிமிர்த்தி வைப்பது அதன் வேலை. எண்ணூர் மீன் உயிரோடு, நீந்திக்கொண்டு, சந்தையில் விலைபோகிற நிலையில் இருந்தது. உள்ளே மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் இருக்கும் நகரத்தில், பெண்கள் கல்லூரி ஒன்று இதைச் செய்து உலகத்து இதழ்களில் எழுதியது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

ஆனால் கல்லீரல் தனி மீனின் கல்லீரல். கூட்டத்துக்குக் கல்லீரல் கிடையாது. துன்பம் ஒரு மீனின் உடம்பிலிருந்து கூட்டத்துக்குள் எந்த வழியாக இறங்குகிறது? எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான வழி மூச்சு.

1967-ல் அமெரிக்காவில் மெக்ஃபார்லண்ட், மாஸ் என்ற இருவர் மடவைக் கூட்டங்களுக்குள்ளேயே ஆக்சிஜனை அளந்தார்கள். நம் மடவையேதான், மூகில் செபாலஸ். கூட்டத்தின் முன்பக்கம் இருந்த ஆக்சிஜன் பின்பக்கம் போகப்போகக் குறைந்தது. முன்னால் போகிறவை மூச்சுவிட்ட மிச்சத் தண்ணீரில்தான் பின்னால் வருபவை மூச்சுவிட வேண்டும். காலை நேர கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூரில் ஏறி, பெட்டியின் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். கூட்டத்தின் அமைப்பு மாறுவதையும், பின்பக்கம் கலைவதையும் இந்தக் குறைவோடு சேர்த்தே அவர்கள் விளக்கினார்கள். கடல் முழுக்க ஆக்சிஜன் இருந்தாலும், பெரிய கூட்டம் தனக்குள் ஒரு பஞ்சத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அது பொறுக்கும் அளவைத் தாண்டினால் பின்வரிசை பிய்த்துக்கொண்டு போகும்.

முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பிறகு பார்த்தார்கள். ஷான் கில்லனும் கூட்டாளிகளும் 2012-ல் மத்தியதரைக் கடல் மடவை இனம் ஒன்றை நீரோட்டத் தொட்டியில் விட்டு, ஒவ்வொரு மீனின் மூச்சுத் திறனையும் தனித்தனியே அளந்தார்கள். திறன் அதிகமானவை முன்னால், குறைந்தவை பின்னால். கூட்டத்தோடு நீந்துவதில் எல்லாருக்கும் சக்தி மிச்சம்தான். பின்னால் வருகிறவர்க்கு அந்த உதவி அதிகம் தேவை. ஆனால் ஆக்சிஜன் குறைவதும் பின்னால்தான். அதாவது, தண்ணீர் கெடும்போது முதலில் அடிபடுவது ஏற்கெனவே நலிந்த மீன்.

இப்போது இந்தக் கணக்கை நம் ஆற்றுக்குக் கொண்டுவாருங்கள். 25 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். உப்பு ஏறினால் இன்னும் குறையும். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். இந்தக் கழிமுகம் 1970-லிருந்து அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறது. முதலில் எண்ணூர் நிலையம். அது 2017-ல் மூடப்பட்டது. 1994-லிருந்து வடசென்னை நிலையம். 2012-லிருந்து நம் வள்ளூர் நிலையம். வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஆற்றின் குறுக்கே போகிற இடத்தில் கசிந்து, சாம்பல் சேறு ஆற்றுப்படுகையில் படிந்த கதை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை நீங்கள் எனக்குச் சொல்வீர்கள். சாம்பல் படிந்த இடத்தில் ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. கலங்கல் கூடினால் பக்கத்து மீனைப் பார்ப்பதே கஷ்டம். மடவைக்குச் சாப்பாடு அந்தச் சேறு. ஒரே பொருள் நான்கு வழியில் வேலை செய்கிறது.

ஆக்சிஜன் குறைந்தால் மடவை மேலே வரும். காற்றோடு ஒட்டியிருக்கிற மெல்லிய மேல்நீரில் ஆக்சிஜன் கொஞ்சம் அதிகம் இருக்கும். அதை வாயால் வாங்கிச் செவுள் வழியாக விடும். கழிமுகத்தில் விடியற்காலையில் வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீன்களைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சுவிடும், ஆக்சிஜனை உண்டாக்காது. அதனால் விடிவதற்கு முன்புதான் பஞ்சம் அதிகம். மேலே வந்தால் கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் காத்திருக்கும். 2005-ல் வெளியான ஒரு பரிசோதனையில், ஆக்சிஜன் குறைத்த தொட்டியில் மடவைகளை விட்டு, மேலே பறவை பொம்மை ஒன்றை அவ்வப்போது காட்டினார்கள். மூச்சு முட்டுகிற மீன்களே மேலே வருவதைத் தள்ளிப்போட்டன. வந்தாலும் மறைவாகவும் ஓரமாகவும் வந்தன. மூச்சா, உயிரா என்று மீன் கணக்குப் போடுகிறது.

மடவை துள்ளுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலை போட்டால் மேலே எகிறித் தாண்டும், அது தெரிந்ததுதான். வலையும் இல்லாமல் விரட்டுகிற மீனும் இல்லாமல் துள்ளுகிறதே, அது ஏன்? 1985-ல் ஹோஸ் என்ற ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார்: துள்ளும்போது தொண்டையின் மேல்பகுதியில் இருக்கிற ஒரு பையில் காற்றை அடைத்துக்கொண்டு, அதை வைத்து அடியில் கொஞ்ச நேரம் ஓட்டுகிறது என்று. எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. சந்தோஷத்தில் துள்ளுகிறது என்று நாம் நினைத்த மீன் ஒருவேளை மூச்சுக்குத் தவித்துத் துள்ளியிருக்கலாம்.

மூச்சை விட்டுவிட்டு, பயத்துக்கு வருவோம்.

கெண்டைக் குடும்பத்து மீன்களின் தோல் காயப்பட்டால் ஒரு மணம் தண்ணீரில் கலக்கும். அதை முகர்ந்த மற்ற மீன்கள் பயந்து ஒண்டும். 1938-ல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதைக் கண்டு எழுதினார். தேனீக்களின் நடனத்துக்காகப் பிற்பாடு நோபல் வாங்கிய அதே ஆள். நம் அணைக்கட்டுக்கு மேலே இருக்கிற கெண்டைக்கு இந்த எச்சரிக்கை மணம் உண்டு. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்கக் கெண்டை இனம் ஒன்றின் கூட்டத்துக்கு இந்த மணத்தைக் காட்டினார்கள். பயந்த கூட்டம் சின்ன அசைவுக்கும் பெரிதாக விலுக்கென்று ஓடியது. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு மீனும் அதிகம் மிரண்டு போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தனித்தனி மீனின் மிரட்சி அதிகம் மாறவில்லை. மாறியது இடைவெளி. மீன்கள் நெருங்கி நின்றதால் ஒருவரின் அசைவு இன்னொருவருக்கு எளிதில் தாவியது. பயம் மீனுக்குள் ஏறியதைவிட மீன்களுக்கு நடுவில் அதிகம் ஏறியிருந்தது.

நான் பல வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவன். ஒரு மீனை அறுத்து, உறுப்பை எண்ணி, பெயர் எழுதி மார்க் வாங்குவதைத்தான் கற்றுக்கொடுத்தோம். இந்த ஆய்வு அந்தப் பழக்கத்தின் மேலேயே கை வைக்கிறது. அறுத்துப் பார்த்தால் கிடைக்காத ஒன்று கூட்டத்தில் இருக்கிறது.

நெருங்குவது ஒரு பக்கம். கலைவது இன்னொரு பக்கம். எண்ணெய் அதைத்தான் செய்கிறது.

2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் எண்ணூரிலிருந்து தெற்கே கரையெல்லாம் ஒதுங்கியது. வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. மறுபடி வாளி. அந்த மாதமே 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்துக் கரையில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊர் ஊராக மக்கள் ஓடியதும் உங்களுக்குத் தெரியும். ஒரே மாதம், ஒரே கரை.

படகிலும் வலையிலும் கூழைக்கடாவின் இறகிலும் ஒட்டிய எண்ணெய் போட்டோவில் தெரிந்தது. தண்ணீரில் கரைந்து போன பங்கு போட்டோவில் தெரியாது. 2019-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் குரோக்கர் என்ற மீனை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நம் கத்தாழை மீனின் குடும்பம்தான். சின்னச் சின்னக் கூட்டங்களாக்கி, சிலவற்றில் எல்லா மீனையும் எண்ணெய் கலந்த நீரில் வைத்தெடுத்தார்கள்; சிலவற்றில் ஒரே ஒரு மீனை மட்டும்; சிலவற்றில் எதையும் இல்லை. சாகிற அளவு எண்ணெய் அல்ல. எல்லாமே எண்ணெய் பட்ட கூட்டம் கலைந்து, மெதுவாக நீந்தியது; அதில் வியப்பில்லை. அந்த இரண்டாவது வகைக் கூட்டத்தைப் பாருங்கள். ஒரே ஒரு மீனுக்குத்தான் எண்ணெய் பட்டிருந்தது. அதிலும் கூட்டத்தின் நெருக்கம் குலைந்தது. எண்ணெயே படாத மற்ற மீன்களின் நீச்சல் வேகமும், அவை தொட்டியில் நிற்கிற இடமும்கூட மாறின.

பெங்களூருக் கரிமீனை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மீனும் யாரோ ஒரு மீனைப் பார்த்துத்தான் திரும்புகிறது. அந்த ஒருவன் தள்ளாடினால் பார்த்தவனும் தள்ளாடுவான். இரண்டு ஆய்வும் வேறு வேறு மீன், வேறு வேறு நாடு. இரண்டையும் முடிச்சுப்போடுவது என் பொறுப்பு. ஆனால் முடிச்சு இயல்பாக விழுகிறது. எண்ணெய்ப் படலம் மேல்நீரை மூடும்போது, மூச்சுக்கு மேலே வருகிற மடவை முதலில் தொடுவது அந்தப் படலத்தைத்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு கூட்டத்தில் அந்த 'ஒரு மீன்' இல்லாமல் இருக்க வாய்ப்பே குறைவு.

உலோகமும் இப்படி நடுவில் புகுந்து வேலை செய்யும். மீன் பக்கத்து மீனின் அசைவைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. உடம்பில் இருக்கிற நுண்மயிர்ச் செல்கள் தண்ணீரின் அசைவை உணர்கின்றன. பெரும்பாலான மீன்களில் இது விலாவில் ஒரு கோடாகவே தெரியும். மடவையில் கோடு கண்ணுக்குத் தெரியாது, உணர்வு உண்டு. தண்ணீரில் கரைந்த செம்பு இந்த நுண்மயிர்ச் செல்களைக் கெடுக்கும் என்பது வரிக்குதிரை மீனில் காட்டப்பட்டிருக்கிறது. சால்மன் குஞ்சுகளில் எச்சரிக்கை மணத்தை முகரும் திறனையே மங்கவைத்தது. காட்மியம் கொடுவாயின் தூரத்துச் சொந்தமான ஐரோப்பிய மீனில் அந்த உணர்வுக்கோட்டைச் சேதப்படுத்தியது. கண் கலங்கலில் போனது, மூக்கும் தோலும் உலோகத்தில் போனது என்றால் பக்கத்து மீனை நம்புவதற்கு என்ன மிச்சம்?

இனி நம் சட்டம் மீனை எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஆலைக் கழிவுநீருக்கு ஒரு மீன் சோதனை இருக்கிறது. கலக்காத கழிவுநீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் வைக்க வேண்டும். 90 விழுக்காடு உயிரோடு இருந்தால் தேறியது. கடலோர அனல்மின் நிலையங்கள் விடுகிற குளிர்விப்பு நீர், ஏற்கிற நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று இன்னொரு விதி. 1999-க்குப் பிறகு வந்த நிலையங்களுக்கு. இந்த விதிகள் வந்ததே பெரிய காரியம், அவற்றைப் பின்பற்றினாலே இந்தக் கழிமுகத்துக்குப் பாதி விமோசனம். இருந்தாலும் அந்தச் சோதனைத் தொட்டியைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். பத்து மீன் விட்டோம். நாலு நாள் கழித்து ஒன்பது மிதக்காமல் இருக்கிறது. அந்த ஒன்பதும் ஒன்றையொன்று பார்க்கிறதா, சேர்ந்து நீந்துகிறதா, நிழல் விழுந்தால் சேர்ந்து திரும்புகிறதா? கேள்வியே இல்லை. செத்ததா, சாகவில்லையா என்பதுதான் கணக்கு.

நான் சொல்ல வந்தது இதைத்தான். சட்டத்தில் இருக்கிற மீன் தனி மீன். கொசஸ்தலையாற்றில் இருக்கிற மீன் கூட்டு மீன். ஒரு மடவை கழிமுகத்தில் சாவது பெரும்பாலும் விஷத்தால் நேரடியாக அல்ல. கூட்டம் திரும்பியபோது திரும்பாமல் போனதால் கொடுவா வாயில் போகிறது. பின்வரிசையில் மூச்சு முட்டி விலகியபோது நீர்க்காகம் கொத்துகிறது. மற்றவை கடலுக்குக் கிளம்பியபோது சேர்ந்து கிளம்பாமல் நிற்கிறது. அந்தச் சாவு எந்த அறிக்கையிலும் வராது. கரையில் ஒதுங்கிய செத்த மீனை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிற அதிகாரிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, அலுப்பு வருகிறது. எண்ணுவதற்கு எளிதானதை எண்ணுகிறார்கள்.

மீனவ நண்பர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் ஒன்றையும் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். "போன வாரம் ஒரே வீச்சில் கூடை நிறைய மடவை விழுந்துச்சே, அப்புறம் என்ன கேடு?" என்று கேட்பீர்கள். மூச்சுக்காக மேல்நீரில் நெருங்கி நிற்கிற கூட்டம் வலைக்கு எளிது. பயந்து ஒண்டுகிற கூட்டமும் வலைக்கு எளிது. மொத்த மீன் குறைந்துகொண்டே வரும்போதும் மிச்சமிருப்பவை நெருக்கமாகக் கூடுவதால் வலையில் விழுவது மட்டும் கொஞ்ச காலம் குறையாமல் இருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீனுக்கு இப்படித்தான் நடந்தது; வலை நிறைய வந்துகொண்டிருந்ததை நம்பினார்கள். 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. கூடை நிறைந்த நாளில் மீன் மேலே நின்றதா, அடியில் நின்றதா, வாயைத் திறந்து திறந்து மூடியதா என்று நீங்கள் சொன்னால் அது எனக்குக் கூடையின் எடையைவிடப் பெரிய தகவல்.

இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், செல்போன் போதும். கழிமுகத்தின் மேலே எண்ணூர்ப் பாலத்திலிருந்து ஒரு மடவைக் கூட்டத்தை ஒரு நிமிடம் படம்பிடியுங்கள். மூன்று விஷயம் எழுதுங்கள்: மீன்களுக்கு நடுவில் எத்தனை மீன் நீளம் இடைவெளி, கையை வீசி நிழல் விழுந்தால் எல்லாமே திரும்பினவா அல்லது எத்தனை தங்கிவிட்டன, எத்தனை மேல்நீரில் வாய்வைத்து நின்றன. தண்ணீரின் சூட்டை ஒரு தெர்மாமீட்டரில் பாருங்கள். ஏற்றமா வற்றமா என்று குறியுங்கள், ஏனென்றால் ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து எல்லாமே மாறிவிடும். இதே வேலையைப் பழவேற்காட்டிலும் கோவளத்திலும் வேறு பள்ளிப் பிள்ளைகள் செய்தால் ஒப்பிடலாம். பாரதி கல்லூரிக்காரர்கள் கல்லீரலில் செய்ததை நீங்கள் கூட்டத்தில் செய்கிறீர்கள். ஒரு வருஷம் விடாமல் செய்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசையில் வைக்கலாம்.

பாலத்தில் வண்டி அதிகம், தனியாகப் போகாதீர்கள், ஆசிரியரோடு போங்கள். விடிந்த கையோடு போங்கள். மூச்சுப் பஞ்சம் தெரிவது அப்போதுதான். மேற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், வெயில் முதுகில் விழும், தண்ணீர் கண் கூசாது.